ஆக்கிரமிப்புக் காலத்து நாவலும் வாசிப்பின் இன்பமும்



அந்நியப் படை கைப்பற்றிய ஊரில், ஆயுதம் ஏந்தாத குடிமக்கள் நாள் கழித்த கதையை ரசித்துப் படிப்பது முறைதானா என்ற ஐயம் வாசகருக்கு எழுவது இயல்பு. தமிழில் அதற்கு விடையாக நிற்பது, சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளமையிலேயே சுமத்ராத் தீவின் மெடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, ஜப்பானியர் ஆட்சியை நேரில் கண்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவலாகும்.

டச்சுக்காரர் ஆண்ட மெடானுக்குள் 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை நுழைந்ததை முதற்காட்சியாகக் கொண்டு, பினாங்கு வரை விரியும் இந்நாவலில், படைத்தலைவர்களுக்கு நிகராக இடம்பெறுவோர் வட்டிக்கடைத் தமிழர்கள். கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் கணக்கைக் கவனிக்கும் அடுத்தாள், எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையன் எனப் படிநிலை கொண்ட அவ்வுலகில், போர்ச் செய்தியும் வட்டிக் கணக்கும் மதுரைத் தெருக்களின் நினைவும் ஒன்றாகவே கலந்து வருகின்றன. அஞ்சி வாழ்ந்தோரும் கேலி பேசினர், பேரம் பேசினர், ஊருக்காக ஏங்கினர் என்பதை அறியும்போது பிறப்பதே இங்குக் குறிக்கப்படும் இன்பம்.

பொருளியல் வரலாறு சில வரிகளில் சொல்லிவிடும் செய்தியையும் இத்தகைய வாசிப்பு விளங்க வைக்கிறது. பினாங்கு அடங்கிய மலாயாவில் ஜப்பானியர் புழக்கத்தில் விட்ட ராணுவப் பணத்தை, அதன் பத்து டாலர் தாளில் இருந்த வாழைமரப் படத்தால், மக்கள் வாழைமர நோட்டு என்றனர். தங்குதடையின்றி அச்சிடப்பட்டதால் அது மதிப்பிழந்து வர, போருக்கு முன் வாங்கிய கடனை அந்த நோட்டிலேயே கடனாளிகள் அடைத்தபோது, வாங்க மறுக்கத் துணியாத வட்டிக்கடைக்காரரின் பெட்டி நிறைந்தது, முதல் கரைந்தது. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது செல்லாக்காசாயிற்று.

இன்று பட்டம் பெறும் மாணவர்களுள் பலர் நாளை கோப்புகளில் கையொப்பமிட்டு ஆணை பிறப்பிக்கும் இடங்களில் அமரக்கூடும். ஒவ்வோர் ஆணையும் யாரோ ஒருவரது கடைவாசலில்தான் சென்று இறங்குகிறது என்பதைப் பாடநூலைவிட நல்ல நாவல் ஆழமாக உணர்த்துவதால், அதை ரசித்துப் படிப்பதும் கல்வியின் தொடர்ச்சியே.