சேர்க்காததும் இல்லாததும்

பொங்கோலில் நம் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்து அஞ்சல் பெட்டியைத் திறந்தால் கடிதங்களைவிட விளம்பரத் தாள்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. தீபாவளி நெருங்கினால் தேக்காக் கடைகளின் தமிழ்த் தாள்களும் வந்து சேர்கின்றன. அவற்றை நாம் மொழிப்பாடமாகப் படிப்பதில்லை. இன்று அவ்வாறு படிக்க முயல்வோம்.

கடைக்காரர் கூவி அழைப்பது குற்றமன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடையின் கொடியையும் காட்டுகிறது. மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடுக்காமலும் விற்ற வணிகரையும் போற்றுகிறது. கொடி அழைக்கலாம், அளவு பொய்க்கலாகாது என்று அவ்விரு காட்சிகளையும் சேர்த்துப் படிக்க நமக்குத் தோன்றுகிறது.

இன்றைய தாள்களில் அப்பட்டமான பொய் அரிது. ‘70 விழுக்காடு வரை தள்ளுபடி’ என்பதில் எண் கையளவு, ‘வரை’ கடுகளவு. ஒரே ஒரு பொருளுக்கு அத்தள்ளுபடி கிடைத்தாலும் அத்தொடர் மெய்தான். 2004ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதை முன்னுணர்ந்தது போலும்: சொன்னதால் மட்டுமன்றி, சொல்லாமல் விட்டதால் வாங்குபவர் ஏமாற நேர்ந்தாலும் அது முறையற்ற செயலே என்கிறது.

இதைவிட நுட்பமானது பழச்சாற்றுப் பெட்டி. ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்று அதில் அச்சிட்டிருக்கும். நம் மனம் அதைச் ‘சீனி இல்லை’ என்று வாசித்துவிடுகிறது. முன்னது செயலைப் பற்றிய கூற்று, பின்னது பொருளைப் பற்றிய கூற்று. ஆரஞ்சுச் சாற்றில் யாரும் சேர்க்காமலேயே 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் சீனி உண்டு. விளம்பரம் பொய் சொல்லவில்லை. பொய்யை நாமே சொல்லிக்கொண்டோம். அதற்குரிய இடத்தை அது ஒழித்து வைத்தது.

2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் பொட்டலமிட்ட பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் தரக்குறி நடப்பில் உள்ளது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. ‘டி’ பானங்களை விளம்பரப்படுத்தவே தடை. நல்ல சட்டம்தான். ஆயினும் அந்த எழுத்தும் ஒருவகையில் நம்மை இணங்க வைப்பதே. ‘பி’ தரத்துப் பானம் 500 மில்லிலிட்டர் குப்பியில் 25 கிராம் வரை, அதாவது ஐந்து தேக்கரண்டிச் சீனியைத் தரலாம். ‘பி’ என்றதும் நாம் பெருக்கிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். (கணக்காசிரியர்கள் எங்களை மன்னிப்பார்களாக, இது அவர்கள் பாடமும் கூட.)

நீரிழிவு மிகுந்த சமூகம் நம்முடையது. ஆங்கிலம் அறியாத பாட்டிக்குப் பெட்டியில் உள்ளதைப் பேரப்பிள்ளை தமிழில் சொல்லும் வீடுகள் நம்மிடையே பல. அங்கே அந்தப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர், அப்பிள்ளை தேரும் சொல்லே பாட்டி குடிக்கும் அளவு. ‘சீனி இல்லை பாட்டி’ என்று சொல்லலாம். ‘சீனி சேர்க்கவில்லையாம் பாட்டி’ என்றும் சொல்லலாம். இரண்டாவதில் உள்ள ‘ஆம்’, இது பெட்டியின் கூற்று, என் கூற்றன்று என்கிறது. அதைக் கேட்ட பாட்டி, “அப்படியானால் உள்ளே எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்கக்கூடும்.