காசு சேர்க்க முதல் கேட்க வேண்டிய கேள்வி



2004 டிசம்பர் 26 சுனாமி அடிச்சபோது எனக்கு நாலு வயசு. ஸ்காபரோ கடைவாசல்களில அம்மாவை உண்டியல் குலுக்கினவை. சனம் தொண்டு நிறுவனங்களுக்குக் குடுத்த காசுக்கு ஈடாக, குறிப்பிட்ட நாள் வரை, கனடா அரசும் டொலருக்கு டொலர் போட்டது. காசு சேர்ந்தது. அதை எப்படிச் செலவழிப்பதென்று முடிவெடுத்தது ஆர்?

2005 ஜூன் 24 இலங்கை அரசும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வடக்கு கிழக்கு நிவாரண நிதியைக் கூட்டாக நிர்வகிப்பதே நோக்கம். முஸ்லிம்களுக்குக் குழுக்களில் இடமிருந்தது, ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை. ஜேவிபி வழக்குப் போட்டது. ஜூலை 15 உயர் நீதிமன்றம் முக்கிய பிரிவுகளுக்குத் தடை விதித்தது. கட்டமைப்பு இயங்கவே இல்லை. மேலே இழுபறி, கீழே கூடாரத்தில சனம்.

இங்கேயும் அதே சிக்கல்தான். கனடாவின் தொண்டு அமைப்புகள் வெளிநாட்டு வேலையைத் தங்கள் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டுமென்று வருமானவரிச் சட்டம் வற்புறுத்தியது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, கணக்கும் மேற்பார்வையும் சரியாக இருந்தால், கனடாவில் பதிவில்லாத அங்கத்தைய அமைப்புக்கும் மானியம் குடுக்கலாம்.

ஆகவே "சட்டம் விடாது" எண்டு இனிச் சொல்லேலாது. விண்ணப்பம் எழுத முதல் முல்லைத்தீவு மீனவர் சங்கத்திடம் கேட்பம்: வலை வேணுமா, படகு வேணுமா? கணக்கறிக்கை வருமானவரித் துறைக்கு ஆங்கிலத்தில போகும். அதே அறிக்கை தமிழில அவைக்கும் போகட்டும்.