கரை சேர்ந்தால்தான் சேலை!

நடுவர் அவர்களே! யாத்திரைக்குச் சிறப்பு வேகமா, துணையா? துணைதான் என்பது எங்கள் அணி.

வேகமாப் போனா சாமியை முதல்ல பார்க்கலாமாம், எதிரணி அம்மா சொன்னாங்க. சாமி எங்கங்க ஓடப்போறாரு? (சிரிப்பு)

பஞ்சபூதத் தலங்கள்ல எங்க காஞ்சி நிலம், திருவண்ணாமலை நெருப்பு. நடுவுல 100 கிலோமீட்டருக்கு மேல. தீபத்துக்கு நாலு நண்பர்கள் சைக்கிள்ல போகத் தயாரானோம். பம்பு, பஞ்சர் பசை எல்லாம் எடுத்தாச்சு. ஒத்திகையில பார்த்தா, தறிக்குழியில நாளெல்லாம் உக்காருற நண்பனுக்கு இடுப்புவலி. "அவனை விட்டுடலாமா?"ன்னான் ஒருத்தன்.

அவன் அப்பா, பழைய நெசவாளி, சொன்னார்: "தம்பி, கோர்வைச் சேலைக்கு மூணு நாடா. கரை கோக்கக் கூட ஒரு ஆள் வேணும். ஒத்தைக் கையால ஆகாது."

அன்னைக்கே முடிவு: மெதுவா மிதிக்கிறவன் முன்னால, மத்தவங்க பின்னால!

கரை சேர்ந்தாத்தான் சேலை. கடைசி ஆளும் சேர்ந்தாத்தான் யாத்திரை. துணைக்கே தீர்ப்புச் சொல்லுங்கள். (கைதட்டல்)