ஆயுள் முழுதும் உடன் வரும் கிருமி
(தொழிலாளர் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி.யை நீங்கள் அறிவீர்கள். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமி எச்.டி.எல்.வி.-1. மனிதரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ரெட்ரோவைரஸ் இதுவே. 1980-லேயே, எச்.ஐ.வி.க்கு முன்பாகவே, இது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 50 லட்சம் முதல் 1 கோடி பேர் வரை இதைச் சுமக்கிறார்கள் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. ஆயினும் இதன் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

இக்கிருமி ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, அவற்றின் மரபுப் பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. அணு பெருகினால் அதுவும் பெருகும். ஆகவே, ஒருமுறை வந்தால் போவதில்லை. தடுப்பூசி இல்லை, அடியோடு ஒழிக்கும் மருந்தும் இல்லை.

அப்படியானால் வந்தவர் கதி அவ்வளவுதானா? இல்லை! பெரும்பாலோர் இதனால் நோய் எதுவுமின்றியே வாழ்ந்து முடிக்கிறார்கள். 100க்குச் சுமார் 5 பேருக்கு, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து, கொடிய ரத்தப் புற்றுநோய் வருகிறது. வேறு சிலருக்கு முதுகுத் தண்டு பழுதுபட்டு, கால்கள் விறைத்து, நடை தளர்கிறது.

கூடி உண்பதால் இது பரவாது, தொட்டாலும் பரவாது. பரவும் வழிகள் தாய்ப்பால், உடலுறவு, ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போடுவது.

வழி தெரிந்தால் அடைக்கலாம் அல்லவா? ஜப்பானைப் பாருங்கள். அங்கே தென்மேற்கில் கியூஷு தீவில் இது அதிகம். 1986 முதல் தான ரத்தம் சோதிக்கப்பட்டது. 1987-ல் நாகசாகி வட்டாரத்தில் கர்ப்பிணிகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். கிருமியுள்ள தாய் நீண்டகாலம் பாலூட்டினால் சுமார் 5-ல் 1 குழந்தைக்குத் தொற்றியது. புட்டிப்பால் குடித்த குழந்தைகளில் 100க்கு 2, 3 பேருக்கே தொற்றியது. ஆனால் ஒன்று: நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் புட்டிப்பாலே குழந்தைக்கு எமனாகும். எனவே தாய் தானாக முடிவு செய்யாமல் டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும்.

நடு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே ஒதுக்குப்புறமான சில ஆதிவாசிக் குடியிருப்புகளில், வயது வந்தோரில் 100க்கு 40 பேருக்கு மேல் இக்கிருமி உண்டு. 2018-ல் விஞ்ஞானிகள் உலக சுகாதார ஸ்தாபனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய பிறகே உலகம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. கண்டுபிடித்து 38 ஆண்டுகள்! ஏன் இந்தத் தாமதம்? சுமப்பவர்கள் ஏழைகள், அவர்கள் குரல் எட்டவில்லை.

கிருமி உள்ளவர் செய்ய வேண்டியது என்ன? ரத்த தானம் கூடாது. உடலுறவில் ஆணுறை வேண்டும். கால் தளர்ச்சி, சிறுநீர்த் தொல்லை, நெறிகட்டுதல், ஆறாத தோல் தடிப்பு கண்டால் உடனே டாக்டரிடம் சென்று, தமக்கு இக்கிருமி இருப்பதையும் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது? அவரை ஒதுக்காதிருப்பது. சர்க்கார்கள் செய்ய வேண்டியது? கிருமி மிகுந்த இடங்களில் கர்ப்பிணிகளுக்கும் தான ரத்தத்துக்கும் சோதனை. கிருமியோடு வாழலாம், தோழர்களே. அறியாமையோடும் அலட்சியத்தோடும் வாழ முடியாது!