வாசலுக்கு ஒரு பூவரசு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் விட்டு வைத்திருப்பவர்கள் பூவரசு வளர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பூவரசுக்குத் துலிப் மரம் என்றும் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரில் கேட்டால் நர்சரியில் ஆரஞ்சுப் பூப் பூக்கும் ஆப்பிரிக்க மரத்தைத் தருவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கிளைகள் காற்றுக்கு முறியும். நம் பூவரசு கடலோரத்து மரம். அதன் காய் கடலில் மிதந்துபோய்க் கரை ஒதுங்கி முளைக்கும். உப்புக் காற்றையும் உப்பேறிய நிலத்தடி நீரையும் தாங்கும். காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ வாடும்போது சிவந்துவிடும். அகன்ற இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம். பிள்ளைகள் சுருட்டிப் பீப்பி ஊதுவார்கள்.

போத்து நடுவதுதான் நம் பழக்கம். கைக்கனத்தில் கிளையை வெட்டி மழைக்கு முன் ஊன்றினால் தழைத்துவிடும், சீக்கிரம் நிழலும் கிடைக்கும். ஆனால் போத்தில் வந்த மரத்துக்கு ஆணிவேர் இருக்காது. வேலிக்கு அது போதும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களைச் சாய்த்துப் போட்ட ஊரில், வீட்டருகே நிற்கப்போகும் மரத்துக்குப் போதாது. காய்ந்த காயை உடைத்து, விதையின் ஓட்டைக் கல்லில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்துப் பையில் ஊன்றுங்கள். கன்றைப் பையிலேயே நெடுநாள் விட்டால் வேர் சுருண்டுவிடும். சுவரை ஒட்டியோ மின்கம்பிக்கு அடியிலோ நடாதீர்கள். தூரைச் சுற்றி சிமெண்ட் பூசாதீர்கள்.

காய் முற்றும்போது சிவப்புப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கும். அதற்குப் பயந்து மரத்தையே வெட்டுகிறார்கள். அவை விதைச்சாற்றை உறிஞ்ச வந்தவை, மரத்தை விட்டுவிடுங்கள்.

இடம் தாராளமாக இருந்தால் புன்னை, மகிழம். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மகிழம் தலமரம். பிரிய மாட்டேன் என்று தம் மனைவி சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது அதனடியில் என்பார்கள். அதன் நினைவாக மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. அந்த மரத்தை வீட்டிலும் வைக்க நமக்கு ஏன் தோன்றவில்லை?

மரம் வைத்தால் எண்ணூரின் காற்று சுத்தமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். சாம்பலையும் புகையையும் ஆலைகள்தான் குறைக்க வேண்டும். இலையில் தூசி படியும். கன்றாக இருக்கும்வரை அடிக்கடி தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் கன்று தயாராக வேண்டுமானால் ஆடிக்குள் விதையை ஊன்றிவிடுங்கள்.