ஏட்டுச் சூத்திரமும் வீட்டுக் கணக்கும்

(ஜூபிலி விழாவையொட்டிப் பாகாயத்தில் நடைபெற்ற பெற்றோர் - மாணவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கணக்கு வகுப்பில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இந்தச் சூத்திரத்தால் எங்களுக்கு என்ன பயன்?" இதைக் குறும்பு என்று அதட்டி உட்கார வைத்துவிடுகிறோம். ஆனால் அது நியாயமான கேள்வி. விடை கிடைக்காத பிள்ளை சூத்திரத்தை நெட்டுருப் போட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறது. சில பிள்ளைகள் படிப்பையே விட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே, நம் பக்கத்திலிருந்தே சில விடைகளைக் கூற விரும்புகிறேன்.

பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. தோலோ சதுரமும் அல்ல, வட்டமும் அல்ல. அதன் பரப்பை எப்படிக் காண்பது? கட்டம் போட்ட தாளில் இலையை வரைந்து, கட்டங்களை எண்ணுகிறானே சிறுவன், அதே வழிதான். அளவு இயந்திரமும் தோலைச் சிறு சிறு பகுதிகளாக அளந்து கூட்டியே தொகை சொல்கிறது. மேல்வகுப்பில் வரும் தொகை நுண்கணிதத்தின் கரு இதுவே.

அடுத்தது துயரமான செய்தி. 2015 ஜனவரி 31 அதிகாலையில், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு தேக்கி வைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். யார்மீதும் குற்றம் சுமத்த இதை நான் சொல்லவில்லை. நீர் சுவரைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. 4 அடி நீரை 8 அடியாக உயர்த்தினால், தள்ளும் விசை 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. சுவரை அடியோடு கவிழ்க்கும் திருப்புத்திறனோ 8 மடங்கு! அந்த வர்க்கத்தின் பின்னால் மனித உயிர்கள் இருக்கின்றன என்று மாணவனுக்குச் சொன்னால், அவன் அதை மறப்பானா?

தாய்மார்களே, இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,000 பிடித்துக்கொண்டு, 9,000 கையில் தருகிறார். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பத்துதானே!" என்கிறோம். ஆனால் கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம்மிடம் இருந்த பணம் பாதிதான், அதாவது ஏறக்குறைய 4,500 ரூபாய். அதற்கு 100 நாள் வட்டி 1,000 ரூபாய். தனிவட்டிச் சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 81 விழுக்காடு வருகிறது! அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் சட்டம் இயற்றியது. ஆனால் வட்டி எவ்வளவு என்றே கணக்கிடத் தெரியாதவர், அது அநியாயம் என்று எப்படி அறிவார்?

சூத்திரம் உலகையும் அளக்கும். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று நம் பரங்கிமலையடியில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல். 57 நாட்கள் பிடித்தன. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரியும் அல்லவா? அந்த ஒரே விதியைக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்தார்கள். அந்த அளவைத் துறையில்தான் பின்னாளில் ராதாநாத் சிக்தார் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். பிள்ளைகளே, நீங்களும் செய்யலாம். கோணமானியில் நூலும் கல்லும் கட்டிக் கொடிமரத்தின் உச்சியைப் பாருங்கள். 45 பாகை காட்டும் இடத்தில் நின்று, மரத்தடி வரை அளந்து, உங்கள் கண் உயரத்தைக் கூட்டுங்கள். அதுவே கொடிமரத்தின் உயரம். ஏறிப் பார்க்க வேண்டாம்!

சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளி ஆசிரியர் பி. கே. சீனிவாசன் (1924-2005) இவ்வழியில் நடந்தவர். சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கொண்டே கணிதத்தில் ஆசையூட்டினார். இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் அமையக் காரணமாயிருந்தவரும் அவரே. இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தையர் சம்பளச் சீட்டையும், பீடி சுற்றும் தாய்மார் கூலிக் கணக்கையும், வீட்டுக் கடன் சீட்டையும் இன்றிரவு பிள்ளைகள் முன் வையுங்கள். "கூட்டிப் பார், சரியா என்று சொல்" என்று கேளுங்கள். ஆசிரியர்கள் மாதம் ஒரு கணக்கையாவது ஊரிலிருந்து எடுத்துப் பாடம் சொல்லுங்கள். தன் குடும்பத்தின் உழைப்பு ஒரு ரூபாயும் ஏமாற்றப்படாமல் காக்கத் தெரிந்த பிள்ளை, "சூத்திரம் எதற்கு?" என்று மறுபடி கேட்காது.