மொரீஷியஸின் உலக உறவுகள்: பேரரசும் குடிபெயர்வும் தந்த பாடம்

(பொருளாதார மாணவர் மன்றமொன்றில் ஆற்றிய உரை)



என் கையில் இருப்பது மொரீஷியஸ் நாட்டின் நூறு ரூபாய் நோட்டு. இதில் தொகை ஆங்கிலம், தமிழ், இந்தி ஆகிய மொழிகளில் அச்சிடப்பட்டுள்ளது. தமிழ் வம்சாவளியில் வந்த ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தலைவரின் படம் இதில் இருக்கிறது. அந்நாட்டின் 25 ரூபாய் நோட்டிலோ சீன வம்சாவளியினர் ஒருவரின் படம் உள்ளது. மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு தீவுக்கு ரூபாயும் தமிழும் எப்படிச் சென்றன?

ஒரு நாட்டின் வெளியுறவு அதன் தலைநகரில் வகுக்கப்படுவதாகவே நாம் எண்ணுகிறோம். மொரீஷியஸின் உறவுகளோ, அது ஒரு நாடாகப் பிறப்பதற்கு முன்பே பிறருடைய இலாபத்துக்காக வகுக்கப்பட்டவை. சுதந்திரம் பெற்றபின் அவற்றை அந்நாடு எவ்வாறு தன் மூலதனமாக்கியது, அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்ற இரண்டு கேள்விகளையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கரும்பும் கப்பலும்

அத்தீவில் பூர்வகுடிகள் எவரும் இருந்ததில்லை. 1598-இல் அங்கு இறங்கிய டச்சுக்காரர்கள் 1710-இல் வெளியேறினர். 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதனைக் கைப்பற்றினர். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அவர்கள் அடிமைகளைக் கொண்டுவந்தனர். போர்ட் லூயி நகரைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தனர். 1810-இல் தீவை வென்ற பிரிட்டிஷார், மக்களின் சட்டத்தையும் மதத்தையும் பழக்கவழக்கங்களையும் காப்பதாகச் சரணடைவு உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டனர். ஆகவேதான் இன்றும் அங்கு சிவில் சட்டம் பிரெஞ்சு மரபினது. இறுதி மேல்முறையீடு செல்வதோ லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு. காமன்வெல்த், பிரெஞ்சு மொழி நாடுகளின் அமைப்பு ஆகிய இரண்டிலும் அது உறுப்பு நாடு.

1825-இல் மொரீஷியஸ் சர்க்கரைக்குப் பிரிட்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு இணையான சுங்கவரி விதிக்கப்பட்டது. கரும்பு தீவெங்கும் பரவியது. பத்தாண்டுகளில், 1835-இல், அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது எசமானர்களுக்கு நஷ்டஈடாகச் சுமார் 20 இலட்சம் பவுன் வழங்கப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. தோட்டங்களுக்குப் புதிய கைகளைத் தேடியவர்கள் இந்தியாவைப் பார்த்தனர். 1834 நவம்பரில் 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் வந்து இறங்கினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய் கூலி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து சென்றவர்களின் தொகை நான்கரை இலட்சத்தை எட்டியது. ஒருநாள் வேலைக்கு வராதவரிடம் இருநாள் கூலியைப் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. இந்திய ரூபாயின் புழக்கம் பெருகியதால் 1876-இல் ரூபாயே தீவின் நாணயமாயிற்று.

மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் அக்காலப் பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அலுவல் காரணமாக அங்கு சென்றபோது அவற்றில் ஒன்றைப் பார்த்தேன். பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உயரம், அங்க அடையாளம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஊர்ப்பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். அது எந்த ஊர் என்று எனக்கே விளங்கவில்லை. முப்பதாண்டுகளாகக் கோப்புகளோடு பழகியவன் நான். ஆயினும் ஒரு மனிதன் தன் ஊருக்குத் திரும்பும் வழியை ஒரு பேனா அடைத்துவிடக்கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மூலதனமான மரபு

1961-இல் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், மக்கள்தொகைப் பெருக்கமும் ஒற்றைப் பயிரும் இத்தீவை நெருக்கடியில் ஆழ்த்தும் என அஞ்சினார். மக்களின் அச்சமும் குறைவானதன்று. 1967 தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 44 பேர் சுதந்திரத்தை எதிர்த்த கட்சிக்கே வாக்களித்தனர். காந்தியடிகளின் தண்டி யாத்திரையை நினைவுகூரும் மார்ச் 12-ஆம் நாளில், 1968-இல், அந்நாடு சுதந்திரம் பெற்றது.

அதன்பின் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். பிரிட்டனுடன் இருந்த சர்க்கரை உறவை ஐரோப்பியப் பொதுச் சந்தையுடன் பேசி, 1975-ஆம் ஆண்டின் லோமே உடன்படிக்கையில் ஆண்டுக்குச் சுமார் 5 இலட்சம் டன்னுக்கு உத்தரவாதமுள்ள கொள்முதலாக மாற்றிக்கொண்டனர். உலகச் சந்தை விலையைவிடப் பெரும்பாலான ஆண்டுகளில் அது உயர்ந்த விலை. 1970-இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் இயற்றினர். சீன வம்சாவளியினரின் தொடர்பால் ஹாங்காங் மூலதனம் வந்தது. தோட்ட முதலாளிகளின் சர்க்கரை இலாபமும் ஆயத்த ஆடைத் தொழிலில் புகுந்தது. 1982-இல் இந்தியாவுடன் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாடு செய்துகொண்டனர். பின்னாளில் இந்தியாவுக்கு வந்த அந்நிய முதலீட்டின் முக்கிய வாயில்களில் ஒன்றாக அத்தீவு விளங்கியது.

விலை கொடுத்தவர்கள்

இதனை வெற்றிக் கதையாக மட்டும் கொள்ளலாகாது. பிறர் தந்த சலுகை பிறரால் முடிவுறும். துணிக்கான உலகக் கோட்டா முறை 2005-இல் மறைந்தது. சர்க்கரை ஏற்பாடு 2009-இல் முடிந்தது. ஆடைத் தொழிலில் வேலையிழந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். நம்முடைய உடன்பாட்டிலும் குறை இருந்தது. இந்தியப் பணமே சுற்றி வந்து வரி செலுத்தாமல் நுழைகிறது என்ற புகார் நெடுநாள் நிலவியது. 2016-இல் அது திருத்தப்பட்டது.

இதனினும் கொடிது சாகோஸ் தீவினரின் கதை. சுதந்திரத்துக்கு முன்பே, 1965-இல், பிரிட்டன் அத்தீவுக்கூட்டத்தைப் பிரித்துக்கொண்டது. டீகோ கார்சியாவில் அமெரிக்க இராணுவத் தளம் அமைவதற்காக, 1973-க்குள் அங்கிருந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அப்பிரிவினை சட்டப்படி நிகழவில்லை எனச் சர்வதேச நீதிமன்றம் 2019-இல் கருத்துரைத்தது. தீவுக்கூட்டத்தின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு அளிக்கும் உடன்பாடு 2025 மே மாதத்தில் கையெழுத்தாயிற்று. தங்கள் கருத்தைக் கேட்காமலே தங்கள் மண்ணைப் பற்றிப் பேசுகின்றனர் என்ற மனக்குறை வெளியேற்றப்பட்டோர் பலரிடம் அப்போதும் இருந்தது.

நண்பர்களே! எந்த நாடும் தன் வரலாற்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை. வரலாறு விட்டுச்சென்ற உறவுகளை என்ன நிபந்தனையில் தொடர்வது என்பதே அதன் கையில் உள்ளது. மொரீஷியஸ் அந்நிபந்தனைகளை அயராது பேசி மாற்றிக்கொண்டது. அதுவே அதன் சாதனை. பேசும் மேசையில் இடம் பெறாதவர்களே ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தனர் என்பது அதன் மறுபக்கம். நாளை உங்களுள் சிலர் இத்தகைய உடன்பாடுகளின் வரைவை எழுதக்கூடும். அப்போது அந்தப் பதிவேட்டின் பிழையான ஊர்ப்பெயரை நினைவிற் கொள்ளுங்கள்.